வேண்டாம் என்று சொன்ன இருபத்துநான்கு மதிப்பெண்

மோந்தெசால்வோ
திங்கட்கிழமை, ஜூலை 12, 2004

'குன்றின் குரல்' வார இதழின் ஆசிரியர் திரு. ருஜ்ஜேரோ பலும்போ அவர்களுக்கு,

நாற்பத்தொன்பது வயதில், வீடும் வேலையும் உள்ள ஒரு பெண், எதற்காகப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஒரு சொல்கூடத் தெரியாத நிலையிலிருந்து பிரெஞ்சு படிக்கிறாள்? ஜூன் 24 தேதியிட்ட தங்கள் இதழின் நான்காம் பக்கத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டு, 'பாரிஸ் நகரைக் காண வேண்டும் என்ற வாழ்நாள் கனவு' என்று தாங்களே பதிலும் எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படி ஒரு கனவு வந்ததில்லை. உண்மையான பதில் எனக்குத் தெரியாது. இருபத்துமூன்று ஆண்டுகளாக மாகாண அலுவலகத்தில் நிலச்சரிவு வரைபடம் போடுகிறேன். ஒரு குன்றின் சரிவு ஏன் நகர்ந்தது என்று கேட்டால் மண்ணைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். நான் ஏன் நகர்ந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று அச்சிடுவது பத்திரிகைக்கு இழுக்கல்ல என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

தாங்களும், தங்கள் துணைவியாரும், அச்சு இயந்திரமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் யார் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். தங்கள் அண்ணன் ஒராத்சியோவின் மனைவி. ஞாயிற்றுக்கிழமைதோறும் தாங்கள் சாப்பிடுவது என் வீட்டு மேசையில். நேற்றும் அங்கே உட்கார்ந்து இரண்டாம் முறை பாஸ்தா போட்டுக்கொண்டபோது இந்த விஷயத்தை வாய்மொழியாகச் சொன்னேன். "எழுத்துல குடுங்க அண்ணி, பாத்துக்கலாம்" என்றீர்கள். ஆகவே எழுத்தில் தருகிறேன்.

முதலாவது, தலைப்பு. 'பாட்டிக்குப் பாரிஸ் எட்டும் தூரம்' என்று போட்டிருந்தீர்கள். நான் எவருக்கும் பாட்டி அல்ல. எனக்கு ஒரே மகன், தூரினில் வேலை பார்க்கிறான், கல்யாணம் ஆகவில்லை. ஆகிவிட்டது என்று தங்கள் நிருபருக்குத் தகவல் கிடைத்திருந்தால் அதைப் பெற்றவளுக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்தது, பிரெஞ்சுத் தேர்வில் நான் முப்பதுக்கு முப்பது வாங்கி, தேர்வாளர்களின் தனிப் பாராட்டையும் பெற்றதாக எழுதியிருந்தீர்கள். தேர்வாளர்கள் என்று பன்மையில் யாரும் இல்லை, ஒரே ஒரு பேராசிரியை. முப்பதும் இல்லை. உண்மையில் இன்று என் கணக்கில் எந்த மதிப்பெண்ணுமே இல்லை. எப்படி இல்லாமல் போனது என்பதை விளக்கவே இந்தக் கடிதம். இதைச் சுருக்காமல் வெளியிட வேண்டும்.

போன அக்டோபரில் சேர்ந்தேன். முதல் நாள் வகுப்பறைக்குள் நுழைந்ததும் நாற்பது பிள்ளைகளும் பேச்சை நிறுத்திவிட்டு நோட்டைத் திறந்தார்கள். நான் நேராகக் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன். நான்தான் பேராசிரியை, இது ஏதோ புதுப் பாடமுறை என்று நினைத்து, எல்லோரும் நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பிக்கொண்டார்கள். உண்மையான பேராசிரியை கொலாசாந்தி வந்தபோது அவருக்கு நாற்பது முதுகுகள்தான் தெரிந்தன. அவருக்கு வயது முப்பத்தெட்டு. அன்றிலிருந்தே அவர் என்னிடம், சிரமப்பட்டுப் படியேறி வந்த விருந்தாளியிடம் பேசுவது போல மெதுவாகவும் சத்தமாகவும் பேசினார். பிறகு உச்சரிப்புப் பயிற்சி. மூக்கால் சொல்ல வேண்டிய ஒலிகள் சில உண்டு. வீட்டில் சொன்னால் உங்கள் அண்ணன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுகிறார். அதனால் மதிய இடைவேளையில் அலுவலகத்தின் அடித்தளத்தில், பாறை மாதிரிகள் அடுக்கிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்தேன். மூன்றாம் நாள், அடித்தளத்தில் யாரோ அடுக்குக்கு அடியில் சிக்கி முனகுகிறார்கள் என்று காவலாளி தீயணைப்புத் துறையை அழைத்துவிட்டார். நான்கு பேர் தலைக்கவசத்துடன் இறங்கினார்கள். நான் கையில் புத்தகத்துடன் நின்றேன். அவர்களில் மூத்தவர் என்னைத் துருவிப் பார்த்துவிட்டு, "வலி எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். இந்தச் செய்தி தங்கள் இதழில் வரவில்லை. அதற்கு என் நன்றி.

இப்போது தேர்வு. தாங்கள் பல்கலைக்கழகம் போகாதவர் என்பதால் முறையைச் சொல்கிறேன். வாய்மொழித் தேர்வு நம் நாட்டில் பகிரங்கமாகத்தான் நடக்கும், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். பின்வரிசையில் அடுத்தடுத்த நாள் தேர்வுக்கு வர வேண்டிய பிள்ளைகள், என்ன கேள்வி கேட்கப்படுகிறது என்று மும்முரமாக எழுதிக்கொண்டிருப்பார்கள். முடிந்ததும் பேராசிரியர் முப்பதுக்கு இத்தனை என்று மதிப்பெண்ணைச் சொல்லி, ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்பார். ஏற்றால் பதிவேட்டில் கையெழுத்து. வேண்டாம் என்றால் அந்த மதிப்பெண் காற்றோடு போய்விடும், அடுத்த தேதியில் முதலிலிருந்து வர வேண்டும். இருபத்தாறு போதாது, முப்பது வேண்டும் என்று வீம்பு பிடிக்கிற பிள்ளைகளுக்காக உள்ள உரிமை அது. ஜூன் 22 அன்று, நான் யாரையும் அழைக்காமலேயே, உங்கள் அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு, நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு, கேக் பெட்டியுடன் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் நீங்கள். உங்கள் பக்கத்தில் உங்கள் புகைப்படக்காரர், மூன்று கால் தாங்கியோடு. மரண ஊர்வலத்துக்கு வந்தவர்கள் போல மூவரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தீர்கள்.

எனக்கு முன்னால் அத்சூரா என்ற பத்தொன்பது வயதுப் பெண் போனாள். அவளிடம் ஐந்து கேள்விகள். ரயிலைத் தவறவிட்ட கதை சொல், இந்தப் பக்கத்தைப் படித்து விளக்கு, வைத்தியருக்குத் தொலைபேசியில் பேசு என்று ஒவ்வொன்றும் ஒரு மலை. பிள்ளை வியர்த்துப் போய் இருபத்துநான்கு வாங்கினாள். அடுத்து நான். என் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். என்ன வேலை. கடைசியாக, காபி பிடிக்குமா என்று கேட்டார். ஆம் என்றேன். அதற்கும் மகிழ்ந்து தலையசைத்தார்.

"ரொம்ப நல்லா சொன்னீங்கம்மா. இந்த வயசுல இவ்வளவு தூரம் பஸ் ஏறி வர்றீங்களே, அதுவே பெரிய விஷயம். இருபத்துநாலு. ஏத்துக்கிறீங்களா?"

உங்கள் அண்ணன் கை தட்டினார். நீங்கள் எழுந்து அச்சகத்துக்குத் தொலைபேசி செய்ய ஓடிவிட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் பார்க்கவில்லை.

"வேண்டாம்" என்றேன்.

பேராசிரியை பேனாவைக் கீழே வைத்தார். "இன்னும் கூட எதிர்பாத்தீங்களா?"

"கம்மியா எதிர்பாத்தேன். இந்தப் பொண்ணுக்கு அஞ்சு கேள்வி. எனக்கு காபி. ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்."

பின்வரிசையில் பேனாக்கள் நின்றன. "இத எழுதிக்கணுமா, வேண்டாமா?" என்று ஒரு குரல் கேட்டது. பேராசிரியையின் முகம் கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்தது. பதினோரு ஆண்டுகளில் மதிப்பெண் அதிகம் என்று எவரும் மறுத்ததில்லை என்றும், அப்படி மறுப்பதற்குப் படிவத்தில் இடமே இல்லை என்றும் சொன்னார். நான் அசையவில்லை. "சரி. அடுத்த தேதி ஜூலை பதிமூணு. அன்னைக்கு எல்லாத்தையும் கேப்பேன். அறைக்குள்ள பிரெஞ்சு மட்டும்தான். அப்புறம் என் மேல வருத்தப்படக் கூடாது" என்றார். வருத்தப்பட மாட்டேன் என்று எழுந்து வந்தேன். ஊர் திரும்பும் பேருந்தில் உங்கள் அண்ணன் கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று ஊர் தாண்டும்வரை அதன் நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். பிறகு, "என் கடையில பத்து ஆணி கூடுதலாப் போட்டுக் குடுத்தா ஒருத்தனும் திருப்பிக் கொண்டு வந்ததில்ல" என்றார்.

வியாழக்கிழமை உங்கள் இதழ் வந்தது. நீ ஓடிப்போனபோது இருபத்துநான்கு. அச்சில் ஏறும்போது முப்பதும் பாராட்டும். ஏன் என்று நேற்றுக் கேட்டதற்கு, இருபத்துநாலுன்னா செய்தி நிக்காது அண்ணி என்றாய். சரி, தாங்கள் என்று ஆரம்பித்த கடிதத்தில் நீ வந்துவிட்டது, இனி அப்படியே போகட்டும். மருந்துக் கடைக்காரர் அந்தப் பக்கத்தை வெட்டிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். நோட்டரியின் மனைவி பாரிஸில் எனக்கு யாரோ இருக்கிறார் என்று முடிவுகட்டி, என்னைப் பார்க்கும்போதெல்லாம் மரியாதையாகச் சிரிக்கிறாள். இதெல்லாம் போகட்டும், காவல் நிலையத் தலைவர் என்னைக் கூப்பிட்ட கதையைக் கேள். ஜூலை ஒன்றாம் தேதி, பிரான்சிலிருந்து ஒரு தம்பதி, கட்டிலும் அடுப்பும் உள்ள பெரிய வண்டியில் வந்து, கடலுக்குப் போகும் வழி தெரியாமல் சதுக்கத்தில் நிற்கிறார்கள். நிலையத் தலைவர் என் அலுவலகத்துக்கே ஆள் அனுப்பிவிட்டார். நான் அவ்வளவு படிக்கவில்லை என்று சொன்னேன். "அடக்கமாப் பேசாதீங்கம்மா, நம்ம ஊர்ல முழு மார்க் வாங்குனவங்க நீங்க ஒருத்தர்தான்" என்று வண்டி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அந்த அம்மாள் பெயர் ஒடில். அவர்கள் வந்த வழியே திரும்பிப் போயிருக்க வேண்டும், அதுதான் சரியான பாதை. ஆனால் திரும்பிப் போவது எங்கள் புத்தகத்தில் ஒன்பதாம் பாடம். நான் ஆறாம் பாடத்தில் இருந்தேன். ஆறாம் பாடத்தில் நேராகப் போய் இடது பக்கம் திரும்பலாம். அதை நல்ல உச்சரிப்போடு சொன்னேன். ஊரே சுற்றி நின்று கேட்டது. நேராகப் போய் இடது பக்கம் திரும்பினால் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். மார்ச் மாதம் நிலச்சரிவு என்று மூடப்பட்ட சாலை. மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் நான். தடுப்புப் பலகையை யாரோ கோழிக்கூடு கட்ட எடுத்துப் போயிருக்கிறார்கள். ஐந்து மணி நேரம் சேற்றில் கிடந்த வண்டியை இரண்டு டிராக்டர் கட்டி இழுத்து வந்தார்கள். மறுநாள் ஒடில் அலுவலகத்துக்கு வந்து பத்து நிமிடம் விடாமல் பேசினாள். நன்றி சொல்லவில்லை என்பது மட்டும் புரிந்தது.

இதைவிடப் பெரிது என் அலுவலக விஷயம். படிப்பதற்காக எனக்கு ஆண்டுக்கு நூற்றைம்பது மணி நேரம் சம்பளத்தோடு விடுப்புத் தருகிறார்கள். அதில்தான் செவ்வாயும் வியாழனும் பிற்பகல் பேருந்து ஏறுகிறேன். ஜூலை முடிவதற்குள் ஒரு தேர்வாவது தேறிய சான்றிதழ் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் செப்டம்பரிலிருந்து விடுப்புக் கிடையாது. விடுப்பு இல்லையென்றால் வகுப்பு இல்லை. எங்கள் மேலாளர் உன் பத்திரிகையை வெட்டிக் கோப்பில் சேர்த்துவிட்டு, "பேப்பர்லயே வந்தாச்சு, சான்றிதழ் எதுக்கு?" என்றார். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அது பொய் என்று சொல்லிவிட்டேன். அவர் கோப்பிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். இரண்டாம் முறையும் வேண்டாம் என்று சொன்னவள் ஆகிவிட்டேன். உன் அண்ணன் அன்று இரவு உணவின்போது, "நீ நேர்மையா இருக்கியா, இல்ல உனக்கே படிக்கப் பிடிக்கலயா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். எனக்குப் பிடித்திருக்கிறது, ருஜ்ஜேரோ. அந்த இரண்டு பிற்பகல்களும் போய்விடக் கூடாது. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

நாளைக்குத்தான் ஜூலை பதிமூன்று, தேர்வுக்கு இந்தக் கல்வியாண்டின் கடைசித் தேதி. மூன்று வாரமாக ஆறிலிருந்து பதினொன்று வரையுள்ள பாடங்களை அடுப்படியிலும் பேருந்திலும் படித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதும் ஊர் முழுக்க மதியத் தூக்கத்தில் இருக்கிறது, நான்தான் ரயிலைத் தவறவிட்டுக்கொண்டிருக்கிறேன். பேராசிரியை ஐந்து கேள்வியும் கேட்க வேண்டும். பதில் தெரிந்தால் மதிப்பெண், தெரியாவிட்டால் இல்லை. இரக்கப்பட்டு மறுபடி ஏதாவது போட்டால் மறுபடியும் வேண்டாம் என்பேன், செப்டம்பர் எப்படியோ போகட்டும். வயதுக்கு மரியாதை பேருந்தில் இடம் கொடுப்பதோடு நிற்க வேண்டும் என்பது என் கொள்கை. இந்த வாக்கியத்தைத் தடித்த எழுத்தில் போடு. நீ நாளை அங்கே வராதே. புகைப்படக்காரரும், தாங்கியும் வர வேண்டாம். மதிப்பெண் எதுவானாலும் அடுத்த வியாழன் இதழில், அதே நான்காம் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை உன் சாப்பாட்டை வேறெங்காவது பார்த்துக்கொள்.

உன் மனைவிக்கு என் அன்பு. அவள் கேட்ட கத்தரிக்காய் ஊறுகாய் இரண்டு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன், இந்தச் சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிள்ளைகள் கோடை விடுமுறையை உடம்புக்கு ஒன்றும் வராமல் கழிக்கட்டும். உன் அச்சு இயந்திரம் நீண்ட நாள் ஓடட்டும், உண்மையை அச்சிட்டபடி.

இப்படிக்கு,
உண்மையுள்ள வாசகியும் அண்ணியுமான
மிரெல்லா பலும்போ

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை மாலை. இந்தக் கடிதத்தை நேற்றே உன் அச்சகத்தில் கொடுக்க மறந்து கைப்பையிலேயே தேர்வுக்குக் கொண்டு போய்விட்டேன். உனக்குச் சேராததால் நீயும் வந்துவிட்டாய். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை எழுந்து போகாமல் எல்லாவற்றையும் பார்த்தாய். ஆனால் உனக்குப் பிரெஞ்சு தெரியாது. மாடிப்படியில், "என்ன அண்ணி, கடைசில அவ்வளவு கோபமாப் பேசுனீங்க?" என்று கேட்டாய். கொள்கை என்று சொன்னேன். அது பொய். ஆகவே நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பேராசிரியை சொன்னபடியே ஐந்து கேள்வியும் கேட்டார். ரயிலைத் தவறவிட்டேன், நன்றாகவே தவறவிட்டேன். படிக்கக் கொடுத்த பக்கத்தில் பாதியில் நின்றுபோனேன். வைத்தியரிடம் எங்கே வலி என்று சொன்னேன், எத்தனை நாளாக என்று அவர் கேட்டதற்கு வீட்டு முகவரியைச் சொன்னேன். நான்காவது கேள்விக்கு ஜன்னலைப் பார்த்தேன். ஐந்தாவதற்கு ஏதோ சொன்னேன். அவர் கூட்டிப் பார்த்துவிட்டுப் பதினேழு என்றார். தேறுவதற்குப் பதினெட்டு வேண்டும். பதினேழை ஏற்கிறீர்களா என்று யாரும் கேட்பதில்லை, பதிவேட்டை மூடிவிடுவார்கள். அவர் மூடினார்.

மேலே எழுதியிருப்பதன்படி நான் நன்றி சொல்லி எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. ஒரு மதிப்பெண் கொடுங்கள் என்றேன். முடியாது என்றார். அறைக்குள் பிரெஞ்சு மட்டும்தான் என்பது விதி, ஆகவே பிரெஞ்சிலேயே பேரம் பேசினேன். ரயில் கதைக்கு இன்னும் கொஞ்சம் போடலாம் என்றேன். முகவரி தெரிந்தால் வைத்தியர் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்வார், அதில் தப்பில்லை என்றேன். ஐம்பது நிமிடப் பேருந்து, மேலாளர், செப்டம்பர், செவ்வாய், வியாழன் எல்லாம் சொன்னேன். சொல் தீர்ந்த இடத்தில் கையால் காட்டினேன். அதுதான் உனக்குக் கோபமாகத் தெரிந்தது. அவர் முடியாது, முடியாது என்று மூன்று முறை சொன்னார். கடைசியில் என் வயதைச் சொன்னேன். நாற்பத்தொன்பது என்று, மெதுவாக, சத்தமாக, அவரே கற்றுக்கொடுத்த உச்சரிப்பில். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினாறு நிமிடம் பேசியிருக்கிறேன். பதிவேட்டை மறுபடி திறந்து பதினெட்டு என்று எழுதி, வழக்கமான அந்தக் கேள்வியை ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

கடிதத்தை வெளியிட வேண்டாம். திருத்தமும் வேண்டாம். அந்த ஒரு மதிப்பெண் பதினாறு நிமிடப் பிரெஞ்சுக்கா, வயதுக்கா என்று நான் அவரிடம் கேட்கவில்லை.